படித்தவர்கள் வைத்த தீ

திருவனந்தபுரத்தில் ஒருவரை நாலு பேர் முன்னால் உயர்த்திச் சொல்ல வேண்டுமானால், "இவர் நல்ல வாசகர்" என்று சொன்னால் போதும். எதிரில் இருப்பவர் முகத்தில் உடனே மரியாதை வந்துவிடும். உத்தியோகம், சாதி, வீடு இருக்கும் தெரு எல்லாம் விசாரித்து முடித்த பிறகும் இந்த ஒரு சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு. நெடுங்காலமாக இந்த ஊரில் இருக்கும் எனக்கும் அந்த மரியாதை தாராளமாகக் கிடைத்திருக்கிறது. ஆனால் அது நாம் உழைத்துப் பெற்ற மரியாதை இல்லை. வாசிப்பு ஒரு பழக்கம். காலையில் மியூசியம் தோட்டத்தைச் சுற்றி நடப்பதும் பழக்கம்தான். நடக்கிறவரை அதற்காக யாரும் ஒழுக்கசீலர் என்று சொல்வதில்லை.

பாளையத்தில் இருக்கும் மாநில மத்திய நூலகத்திலிருந்து அண்மையில் நான் இரவல் எடுத்து வந்த தமிழ்ப் புத்தகங்கள் பெரும்பாலும் இந்த ஊரோடும் இதன் தெற்கே கிடக்கும் நாஞ்சில் நாட்டோடும் தொடர்புள்ளவை. கவிமணியின் 'மருமக்கள்வழி மான்மியம்', நீல பத்மநாபனின் 'தலைமுறைகள்', ஆ. மாதவனின் 'புனலும் மணலும்', வையாபுரிப் பிள்ளையின் ஆராய்ச்சிக் கட்டுரைகள், ஆபிரகாம் கோவூரின் கட்டுரைகள். ஒவ்வொன்றையும் மூடி வைக்கும்போது ஒரே கேள்விதான் மனதில் வந்து நின்றது. இதைப் படித்தவர்கள், படித்த பிறகு என்ன செய்தார்கள்?

முதலில் நூலகத்தைப் பற்றியே சொல்லிவிடுகிறேன். 1829-ல் தொடங்கியது. இந்தியாவின் முதல் பொது நூலகம் என்று இதைச் சொல்கிறார்கள். சுவாதித் திருநாள் காலத்தில், பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த கர்னல் எட்வர்ட் கடோகன் முன்னின்று உருவாக்கினார். 1898-ல் திருவிதாங்கூர் அரசு அதை ஏற்றுக்கொண்டது. விக்டோரியா மகாராணியின் வைர விழா நினைவாகக் கட்டிய இப்போதைய கட்டடம் 1900-ல் எழுந்தது. ஊருக்குப் பெருமைதான், மறுக்கவில்லை.

அதே 1829-ல் அதே அரசு இன்னொரு காரியமும் செய்தது. நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமையை மறுத்துப் பிரகடனம் வெளியிட்டது. தென் திருவிதாங்கூரில் அடிதடியும் தீவைப்பும் நடந்து, பெண்கள் சந்தையில் வைத்து அவமானப்படுத்தப்பட்டு, 30 ஆண்டுகள் கழிந்த பிறகு 1859-ல்தான் அந்தத் தடை தளர்ந்தது. அப்போதும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான். ஓர் ஊரில் புத்தக அலமாரி வந்த ஆண்டும், பெண்ணின் தோளில் கிடந்த துணிக்குத் தடை வந்த ஆண்டும் ஒன்றாக இருக்கிறது. அலமாரியைக் கொண்டாடிய கனவான்கள் யாராவது அந்தத் துணிக்காக வாய் திறந்தார்களா? மேலாடைக்காக நின்றவர்கள் அடி வாங்கிய அந்தப் பெண்களும், பனையேறிகளும், சில பாதிரிமாரும், தெற்கே சாமித்தோப்பிலிருந்து தலைப்பாகை கட்டச் சொன்ன அய்யா வைகுண்டரும்தான். அந்த வைகுண்டரைப் பிடித்துக்கொண்டு வந்து சிறை வைத்ததும் இந்த ஊரில்தான், சிங்காரத்தோப்பில்.

இப்போது புத்தகங்களுக்கு வருகிறேன். 'மருமக்கள்வழி மான்மியம்' சிறிய நூல். ஒரே அமர்வில் முடித்துவிடலாம். 1917-18 வாக்கில் 'தமிழன்' இதழில் தொடராக வந்தது. நாஞ்சில் நாட்டு வேளாளர்களிடையே அப்போது ஆணின் சொத்து அவன் பெற்ற பிள்ளைகளுக்குப் போகாது. சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். குடும்பத்தை ஆண்டவர் காரணவர். அவர் கண்ணை மூடிவிட்டால் மனைவியும் மக்களும் உகந்துடைமை என்று ஒரு சிறு பங்குக்காகக் கையேந்த வேண்டும், அதுவும் பெரும்பாலும் வழக்கு நடத்தி. அப்படிப்பட்ட ஒரு காரணவரின் ஐந்தாவது மனைவிதான் நூலில் பேசுகிறாள். அவள் அழுதுகொண்டே சொல்கிறாள். படிப்பவன் சிரித்துக்கொண்டே கேட்கிறான். வயிற்றில் இடிக்கும் சிரிப்பு அது. மாமியார், நாத்தி, சக்களத்திகள், வக்கீல், வக்கீல் குமஸ்தா, கோயில் சாப்பாடு என்று ஒரு சமுதாயத்தின் அடுக்களை முழுவதும் அதில் இருக்கிறது. சமைத்துப் போட்டவளுக்கே சோறில்லாத அடுக்களை.

மருமக்கள் முறையில் பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் ஓர் இடம் இருந்தது, அதை இழந்ததும் ஓர் இழப்புத்தான் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நியாயம் ஐந்தாவது மனைவியின் வயிற்றை நிரப்பவில்லை. கவிமணி அந்த முறையைக் கோட்பாடாக எடை போடவில்லை; அதில் மிதிபட்ட ஒருத்தியைப் பேச விட்டார்.

நூலைப் படித்து எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் சிலர் அங்கேயே நிற்கவில்லை. அந்தச் சமுதாயத்தின் இளைஞர்கள் கூட்டம் போட்டார்கள், அரசிடம் போனார்கள், சொந்தக் காரணவர்களை எதிர்த்துப் பேசினார்கள். 1926-ல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. மனைவிக்கும் மக்களுக்கும் உரிமை பிறந்தது. ஒரு கவிதைதான் சட்டத்தைக் கொண்டுவந்தது என்று நான் சொல்ல மாட்டேன். கவிதையைப் படித்தவர்களில் சிலர் தம் சொந்தத் தாய்மாமனின் முகத்துக்கு நேரே நின்றார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். காரணவர்களுக்கும் எழுதப் படிக்கத் தெரியும். பத்திரமும் தீர்ப்பும் அவர்களைப் போல் வரி வரியாக வாசித்தவர்கள் அந்த நாட்டில் இருந்திருக்க மாட்டார்கள்.

'தலைமுறைகள்' வேறு வகை. 1968-ல் வந்த நாவல். இரணியல் செட்டிமார் வாழ்க்கையை அவர்கள் பேச்சிலேயே எழுதியது. அதில் நாகம்மை என்றொரு பெண். கல்யாணமாகிப் போனவளைக் கணவன் வீடு திருப்பி அனுப்புகிறது. அவள் 'இருசி'யாம், பெண்மையில்லாதவளாம். அவன் சொல்கிறான், ஊர் நம்புகிறது. யாரும் ஒரு மருத்துவச்சியைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. குறை அவனுடையதாக இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவள் தம்பி திரவிக்கு மட்டும் அந்தக் கேள்வி வருகிறது. ஓர் ஆணின் வாய்ச்சொல் ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றிய உண்மையாக மாறுவது எப்படி என்பதை நீல பத்மநாபன் பக்கம் பக்கமாகக் காட்டுகிறார். படிக்கப் படிக்க நெஞ்சு கொதிக்கிறது.

எனக்குக் கிடைத்த பிரதி பலர் கை பட்டது. நாகம்மை திரும்பி வரும் பக்கங்களின் ஓரத்தில் யாரோ பென்சிலால் கோடு போட்டிருந்தார்கள். ஓரிடத்தில் 'பாவம்' என்று சின்ன எழுத்து. கடைசியில் அச்சடிக்காத வெள்ளைத் தாளில், அதுவும் பென்சிலால்தான், பன்னிரண்டு கட்டம். ராசிக் கட்டம். 'ல' என்று ஒரு கட்டம், அதிலிருந்து எண்ணி ஏழாவது கட்டத்தில் 'செவ்', அதைச் சுற்றி அழுத்தமாக ஒரு வட்டம். பென்சில் முனை தாளைக் கிழித்திருந்தது. அவசரமாக, அநேகமாக ஒரு தொலைபேசிப் பேச்சுக்கு நடுவில் போட்டது என்று தோன்றியது. கோடு போட்டவரும் கட்டம் போட்டவரும் ஒருவரா என்று எனக்குத் தெரியாது. ஒருவராக இருக்க வேண்டிய தேவையும் இல்லை. இரண்டும் ஒரே புத்தகத்துக்குள் சண்டையில்லாமல் இருந்தன. நம் வீடுகளில் இருப்பது போலவே.

செவ்வாய் தோஷம் என்பது என்ன? லக்னத்திலிருந்து 2, 4, 7, 8, 12 ஆகிய இடங்களில் செவ்வாய் இருந்தால் தோஷம் என்கிறார்கள். பன்னிரண்டில் ஐந்து. அதாவது பிறக்கிறவர்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல். சந்திரனிலிருந்தும் எண்ண வேண்டும் என்று சொல்லும் சோதிடர்கள் உண்டு. அப்படி எண்ணினால் பாதிக்கு மேல் போய்விடும். மனித இனத்தில் பாதிப் பேருக்கு இருக்கும் ஒன்றைக் குறை என்று எப்படிச் சொல்வது? நாகம்மையை 'இருசி' என்றவனிடம் ஆதாரம் இல்லை. இங்கே ஆதாரம் போல ஒரு கட்டம் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். 2014 செப்டம்பர் 24 அன்று மங்கள்யான் செவ்வாயைச் சுற்றத் தொடங்கியது. அந்தப் பயணத்துக்கு உழைத்தவர்கள் பலர் இந்த ஊரில், தும்பாவிலும் வலியமலையிலும் வேலை பார்த்தவர்கள். செவ்வாய் ஒரு பெண்ணின் கணவனைக் கொல்லும் என்றால் அதை முதலில் நமக்குச் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான்.

நட்சத்திரக் கதை இதைவிடக் கொடியது. ஆயில்யத்தில் பிறந்த பெண் மாமியாருக்கு ஆகாது. விசாகம் கொழுந்தனுக்கு ஆகாது. கேட்டை மூத்த மைத்துனருக்கு ஆகாது. மூலம் மாமனாருக்கு ஆகாது. பூராடம் என்றால் தாலி நிலைக்காது. இந்தப் பட்டியலை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். கணவன் வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் காக்க ஒரு நட்சத்திரம் காவலுக்கு நிற்கிறது. பெண்ணின் அப்பாவுக்கு ஆகாத மாப்பிள்ளை நட்சத்திரம் என்று ஒன்று உண்டா? நான் கேள்விப்பட்டதில்லை. வானத்தில் இருக்கும் நட்சத்திரங்களுக்கு மாமனார் யார், மாமியார் யார் என்று தெரியுமானால், பெண் வீட்டாரையும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

மூலத்தையே எடுத்துக்கொள்வோம். நட்சத்திரம் 27. ஆகவே ஏறக்குறைய 27 பெண்களில் ஒருத்தி மூலத்தில் பிறக்கிறாள். நூலகத்துக்குப் போகும் வழியில் பாளையத்தில் பள்ளிவாசல் இருக்கிறது, தேவாலயம் இருக்கிறது, பிள்ளையார் கோயில் இருக்கிறது. மூன்றிலும் தொழுகிறவர்கள் வீட்டில் 27-ல் ஒரு மருமகள் மூலம்தான். இரண்டு வீடுகளில் அது யாருக்கும் தெரியாது. அந்த வீட்டு மாமனார்கள் மட்டும் எந்தக் கணக்கில் பிழைத்திருக்கிறார்கள்? ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் விண்ணப்பப் படிவத்தைப் பாருங்கள். வயது கேட்பார்கள், சர்க்கரை வியாதி உண்டா என்று கேட்பார்கள், பீடி சிகரெட் கேட்பார்கள், அப்பா எந்த வயதில் எதனால் இறந்தார் என்று கேட்பார்கள். மருமகளின் நட்சத்திரத்தைக் கேட்க மாட்டார்கள். சாவை வைத்துப் பணக்கணக்குப் போடுகிறவர்களுக்கு அது தேவைப்படவில்லை. 'பெண் மூலம் நிர்மூலம்' என்ற பழமொழி பிழையாகத் திரிந்துவிட்டது, மூலச் சொல் வேறு என்று இப்போது சில சோதிடர்கள் இதமாக விளக்குகிறார்கள். திருத்திய பழமொழியை வைத்துக்கொண்டு, அதனால் கல்யாணம் தள்ளிப்போன பெண்களுக்கு அவர்கள் என்ன ஈடு செய்யப் போகிறார்கள்?

மாதவனின் நாவலை அதிகம் விவரிக்கப் போவதில்லை. சாலைக் கடைத்தெருவில் பாத்திரக் கடை நடத்திக்கொண்டே எழுதிய மனிதர் அவர். ஆற்றில் மணல் அள்ளிப் பிழைக்கும் ஒருவன், அழகில்லாதவள் என்ற ஒரே காரணத்துக்காகத் தன் மனைவியின் மகளை வெறுக்கிறான். படிக்கிற எல்லோரும் அவனைக் கண்டு கூசுவார்கள். மணமகள் தேவை விளம்பரத்தில் 'சிவந்த நிறம்' என்று எழுதும்போது கூசுவதில்லை.

வையாபுரிப் பிள்ளை பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அதற்கு முன்னால் அவருக்கு முந்திய ஒருவரைச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் விழாவுக்கு விழா பாடும் தமிழ்த்தாய் வாழ்த்தை எழுதிய மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை இந்த ஊர் மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்தவர். அவர் கவிஞர் மட்டும் அல்லர், கறாரான ஆராய்ச்சியாளர். திருஞானசம்பந்தரின் காலத்தைக் கால்டுவெல் போன்றவர்கள் 13-ஆம் நூற்றாண்டு வரை கீழே இழுத்திருந்தார்கள். சுந்தரம் பிள்ளை கல்வெட்டையும் இலக்கியச் சான்றுகளையும் அடுக்கி அதைத் தகர்த்தார். சம்பந்தர் அதற்குப் பல நூற்றாண்டு முந்தியவர் என்று நிறுவினார். தமிழர்கள் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். அதற்குப் பிறகு, இதே ஊரில் வக்கீலாக இருந்து, பின்னர் சென்னையில் தமிழ் லெக்சிகனை முடித்துக்கொடுத்த வையாபுரிப் பிள்ளை அதே முறையைத்தான் கையாண்டார். ஏடுகளை ஒப்பிட்டார், சொற்களை ஆராய்ந்தார், ஆதாரம் கேட்டார். ஆனால் அவர் கணக்கில் தொல்காப்பியமும் குறளும் சிலம்பும் நாம் விரும்பியதைவிடப் பிந்திய காலத்துக்கு வந்தன. அவருக்குக் கிடைத்த பட்டம் தமிழ்த் துரோகி.

அவர் சொன்ன காலங்களில் பல இன்று நிற்காது. பிற்காலத்தில் கிடைத்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் நிறைய விஷயங்களை மாற்றிவிட்டன. ஆனால் கல்வெட்டைக் கொண்டு மறுப்பது வேறு. வசை பாடுவது வேறு. விடை நமக்குப் பிடித்திருந்தால் முறையைப் போற்றுகிறோம், பிடிக்காவிட்டால் ஆளை அடிக்கிறோம். கோயில் குளத்தைக் கைவிட்ட பகுத்தறிவாளர்கள்கூட இந்த இடத்தில் சறுக்கியதைப் பார்த்திருக்கிறேன். சாமியை விட்டுவிட்டு மொழியைச் சாமியாக்கிக் கொண்டவர்களிடம் ஆதாரம் பேச முடியாது.

புத்தகத்தையே சாமியாக்குவது அதற்கும் மேலே. ஒவ்வொரு நவராத்திரிக்கும் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி சிலை இந்த ஊருக்கு ஊர்வலமாக வருகிறது. கம்பர் வழிபட்ட சிலை என்று சொல்வார்கள். வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் கூடவே வருவார்கள். பத்மநாபபுரம் அரண்மனையில் அமைச்சர்கள் முன்னிலையில் மன்னரின் உடைவாள் கைமாறும். இரு மாநிலப் போலீசும் மரியாதை செலுத்தும். கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது நாள் கச்சேரி. கல்விக்குரிய பெண் தெய்வத்தின் முன்னால் நடக்கும் அந்தக் கச்சேரியில் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் பாட முடிந்ததில்லை. 2006-ல்தான் பாறசாலை பொன்னம்மாள் அங்கே முதல் பெண்ணாக உட்கார்ந்து பாடினார். அப்போது அவர் எண்பது வயதைத் தாண்டியவர். சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியின் முதல் மாணவி, ஓர் இசைக் கல்லூரியின் முதல் பெண் முதல்வர். அந்தக் குரல் இளமையாக இருந்த காலம் முழுவதும் அந்த மண்டபம் அதைக் கேட்க மறுத்திருக்கிறது. தெய்வம் பெண், பாட்டு பெண்ணுடையது. தடை மட்டும் ஆணுடையது.

அந்த நாட்களில் வீடுகளில் பூஜைவைப்பு. அஷ்டமி அன்று மாலை புத்தகங்களை அடுக்கிப் பட்டு விரித்து மூடிவிட்டால் விஜயதசமி காலை வரை யாரும் தொடக் கூடாது, எதையும் வாசிக்கவும் கூடாது. கரமனையில் தெரிந்த ஒரு வீட்டில் பள்ளிக்கூடச் சிறுமி ஒருத்தி கோள்களைப் பற்றிய புத்தகம் ஒன்றை நூலகத்திலிருந்து எடுத்து வந்து பாதியில் வைத்திருந்தாள். அது கணக்குப் புத்தகத்துக்கும் மலையாளப் பாட நூலுக்கும் நடுவில் பட்டுக்குள் போய்விட்டது. அதன் முதுகில் ஒட்டியிருந்த நூலக எண் சீட்டு மட்டும் வெளியே தெரிந்தது. "மாமா, சனிக்கு வளையம் எப்படி வந்துதுன்னு அடுத்த பக்கத்துலதான் இருக்கு. எடுத்தா சாமி கோவிச்சுக்குமா?" என்று என்னிடம் கேட்டாள். கோவிச்சுக்காது என்றேன். அவள் அப்பா சிரித்தபடி தலையை ஆட்டி மறுத்துவிட்டார். விஜயதசமிக்கு வெளியே வந்தபோது புத்தகத்தின் முதல் பக்கத்தில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. அவள் வேறு விளையாட்டுக்குப் போயிருந்தாள். ஒரு குழந்தைக்குக் கேள்வி எழும் நேரம் ஒன்று இருக்கிறது. அந்த நேரத்தில் புத்தகத்தைப் பிடுங்கி அதற்குப் பொட்டு வைப்பதைப் பக்தி என்று அழைத்தாலும், அந்தக் குழந்தைக்கு அது அநீதி.

இவ்வளவும் எழுத்தறிவில்லாத ஊரில் நடக்கவில்லை. 1945-ல் பி.என். பணிக்கர் 47 நூலகங்களைச் சேர்த்துத் திருவிதாங்கூர் கிரந்தசாலா சங்கத்தைத் தொடங்கினார். ஊர் ஊராக நடந்து, 'வாசித்து வளருங்கள்' என்று சொல்லி, ஆயிரக்கணக்கான கிராமங்களில் நூலகம் கண்டார். அந்த உழைப்புக்கு முன்னால் கைகூப்பத்தான் வேண்டும். 1991 ஏப்ரல் 18 அன்று கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று அறிவித்துக்கொண்டது. அதே கேரளத்தில், 2022 அக்டோபரில், பத்தனம்திட்டை மாவட்டம் இலந்தூரில் இரண்டு பெண்கள் நரபலியாகக் கொல்லப்பட்ட செய்தி வந்தது. இருவரும் லாட்டரிச் சீட்டு விற்றுப் பிழைத்தவர்கள். ஒருவர் தர்மபுரியிலிருந்து பிழைப்புத் தேடி வந்த தமிழ்ப் பெண். குற்றம் சாட்டப்பட்ட மூவரில் ஒருவர் நாட்டு வைத்தியர். ஹைக்கூ எழுதுகிறவர், முகநூலில் போடுகிறவர். அந்தக் கவிதைகளைப் பலர் ரசித்திருக்கிறார்கள். கவிதை எழுதும் கை என்பதால் ஒரு கையை நம்பிவிடலாம் என்ற நம் எண்ணமும் ஒரு மூடநம்பிக்கைதான். மூடநம்பிக்கைகளை எதிர்த்து வந்த நரேந்திர தபோல்கர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு மகாராஷ்டிரத்தில் 2013-ல் பில்லிசூனிய எதிர்ப்புச் சட்டம் வந்தது. கர்நாடகத்தில் 2017-ல் வந்தது. இவ்வளவு நூலகங்கள் இருக்கும் கேரளத்தில் அது வரைவோடு நிற்கிறது.

பணிக்கர் நினைவு நாளான ஜூன் 19 இங்கே வாசிப்பு நாள். பள்ளிகளில் உறுதிமொழி எடுப்பார்கள். அதற்கு முந்தைய நாள், ஜூன் 18, அய்யன்காளி இறந்த நாள். 1941. விழிஞ்ஞம் பக்கம் வெங்ஙானூரில் பிறந்த புலையர். எழுதப் படிக்கத் தெரியாதவர்; பள்ளிக்கூடம் அவரை உள்ளே விடவில்லை. 1893-ல் வில்வண்டியில் ஏறித் தடுக்கப்பட்ட பொதுச் சாலையில் ஓட்டினார். எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் உங்கள் வயலில் இறங்க மாட்டோம் என்று வேலைநிறுத்தம் செய்யவைத்தார். கூலிக்கு முன்னால் எழுத்தைக் கேட்ட வேலைநிறுத்தம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், திருவனந்தபுரத்துக்குத் தெற்கே ஊரூட்டம்பலத்தில், பஞ்சமி என்ற சிறுமியைக் கைப்பிடித்துக் கூட்டிப்போய்ப் பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார வைத்தார். அந்தப் பள்ளியைக் கொளுத்தினார்கள். எரிந்த பெஞ்சு ஒன்றை இன்றும் அங்கே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். கருகிய பலகை, காலில் தீ தின்ற அடையாளம்.

தீ வைத்தவர்கள் யார்? எழுத்தை வெறுத்தவர்கள் இல்லை. தங்கள் பிள்ளைகளை அதே பள்ளிக்கு அனுப்பி வந்தவர்கள். படிப்பின் அருமை தெரிந்ததனால்தான் அது பஞ்சமிக்குக் கிடைக்கக் கூடாது என்று நினைத்தார்கள். படிப்பின் அருமை அய்யன்காளிக்கும் தெரியும். அது எல்லோருக்கும் வேண்டும் என்றார். 1937 ஜனவரியில் காந்தி வெங்ஙானூருக்கு வந்தபோது அய்யன்காளி தன் விருப்பமாகச் சொன்னது, தன் மக்களில் பத்து பி.ஏ. பட்டதாரிகளைப் பார்க்க வேண்டும் என்பதுதான். ஒரு புத்தகமும் வாசிக்காத மனிதர். புத்தகங்கள் காலமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்ததைச் செய்தவர். வாசகன் என்ற பெயருக்கு மரியாதை கேட்கும் எவரும் ஒரு தடவையாவது அந்தக் கருகிய பலகையின் முன்னால் போய் நிற்க வேண்டும்.

என் அண்ணன் முறையில் ஒருவர் இருக்கிறார். என்னைவிட அதிகம் வாசித்தவர். திருவல்லாவில் பிறந்து இலங்கையில் ஆசிரியராக இருந்து, அதிசய சக்தியை நிரூபிப்பவருக்கு ஒரு லட்ச ரூபாய் என்று அறிவித்து, 1978-ல் சாகும்வரை அதைக் கொடுக்க வேண்டி வராத ஆபிரகாம் கோவூரை எனக்கு அறிமுகம் செய்தவரே அவர்தான். அவர் மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். மூலம். அந்தப் பெண் என்னிடம் போனில் கேட்டாள்: "சித்தப்பா, பொறந்த தேதியவே ரெண்டு நாள் தள்ளி உத்திராடம்னு எழுதிரலாம்னு அம்மா சொல்லுதா. பூராடமும் ஆகாதாம். அப்பாவும் சரிங்கார். நீங்க என்ன சொல்லுதீங்க?"

நான் அண்ணனிடம் பேசினேன். "எனக்கு இதுலெல்லாம் நம்பிக்கை கிடையாதுன்னு உனக்குத் தெரியும். ஊரு கேக்குதே, என்ன செய்ய?" என்றார். நம்பிக்கை இல்லாதவர் பொய் ஜாதகம் எழுதுகிறார். நம்புகிறவராவது உண்மை ஜாதகத்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார். இரண்டு பேரில் நேர்மையானவர் நம்புகிறவர்தான். இதை அண்ணனிடம் அப்படியே சொன்னேன். கோவூரைப் படித்துவிட்டு, தன் பிறந்த தேதியைக் கண்டு மகள் வெட்கப்படும்படி விட்டால், அந்தப் புத்தகம் இவ்வளவு நாள் அலமாரியில் இருந்து என்ன பிரயோசனம் என்றும் கேட்டேன். ஊர் கேட்கிறது என்றால், ஊருக்கு முதலில் இல்லை என்று சொல்ல வேண்டியவர் படித்தவர்தானே? படிக்காத ஏழைக்கு அந்தச் சுமையை விட்டுவைக்க முடியாது. அவனுக்கு ஊரை விட்டால் வேறு ஆதரவு இல்லை. அண்ணனுக்கு ஓய்வூதியம் வருகிறது.

கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. பிறகு, பெண்ணின் எதிர்காலத்தை வைத்துக் கொள்கை பேசுவது சுலபம் என்றார். அதில் ஒரு வலி இருக்கிறது, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் பொய்த் தேதியில் கட்டிய கல்யாணத்தில், மாமனாருக்கு ஒரு நெஞ்சுவலி வரும் அன்று, உண்மை தெரிந்துவிட்டால் அவள் கதி என்ன? அன்றைக்கு அவளை நாகம்மையாக்கித் திருப்பி அனுப்ப அந்த வீட்டுக்கு இரண்டு காரணம் இருக்கும்.

அந்தப் பெண் இரண்டு பேருக்காகவும் காத்திருக்கவில்லை. வரன் தேடும் தளத்தில் தன் பக்கத்தைத் தானே திறந்து, நட்சத்திரம் என்ற இடத்தில் மூலம் என்றே போட்டு, கீழே குறிப்பில் 'ஜாதகம் பார்ப்பவர்கள் தயவுசெய்து தொடர்புகொள்ள வேண்டாம்' என்று எழுதியிருக்கிறாள். வந்துகொண்டிருந்த அழைப்புகள் பாதிக்கு மேல் நின்றுவிட்டன. நிற்காதவற்றில் ஒன்று நாகர்கோவிலிலிருந்து; பையனின் அம்மாவே பேசினார், பெண் என்ன படித்திருக்கிறாள், என்ன வேலை பார்க்க ஆசைப்படுகிறாள் என்று கேட்டாராம். அண்ணன் இன்னும் சம்மதம் சொல்லவில்லை.